வளையத்தில் எழுதிய பெயரும் படத்தில் விழும் கூர்மையும்

(புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒளிப்படக் கலைஞர்களும் மாணவர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவு)

லாஸ்பேட்டை, கல்லூரிகளும் பள்ளிகளும் நிறைந்த பகுதி. இங்கே படிக்கிற பிள்ளைகளில் கேமராவைத் தொழிலாகக் கைக்கொள்ள நினைப்பவர்கள் குறைவில்லை. நினைப்பதில் தவறும் இல்லை. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, ஒயிட் டவுன் மஞ்சள் சுவர்களுக்கு முன்னால் நடக்கிற ப்ரீ வெட்டிங் படப்பிடிப்பு என்று இந்த ஊர் கேமராவுக்கு வேலை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. கேமராவோடு கூடவே வந்த கிட் லென்ஸ் போதவில்லை என்று தோன்றுகிற நாளில் எல்லோருக்கும் ஒரே கேள்விதான் வருகிறது. கேமரா கம்பெனியின் சொந்த லென்ஸையே வாங்க வேண்டுமா? சிக்மாவும் டாம்ரானும் செய்கிற லென்ஸ் போதாதா? இரண்டில் எது ஷார்ப்? 24 முதல் 70 மி.மீ. வரை போகிற அந்த அன்றாட ஜூம் லென்ஸைப் பற்றிய இந்தக் கேள்விதான் இன்றைய பேச்சின் பொருள்.

என் முடிவை ஒளித்து வைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வந்த நல்ல எஃப் 2.8 ஜூம்களை எடுத்துக்கொண்டால், முன் வளையத்தில் எழுதியிருக்கும் பெயரை மட்டும் படித்துவிட்டு லென்ஸின் கூர்மையைச் சொல்லிவிட முடியாது. எந்த அப்பெர்ச்சரில் எடுத்தோம், ஃபோகஸ் எங்கே விழுந்தது, நம் கைக்கு வந்து சேர்ந்த அந்த ஒரு லென்ஸ் சரியாகக் கோக்கப்பட்டதா, படம் எந்த அளவில் அச்சாகப் போகிறது என்பவை அந்தப் பெயரைவிடப் பெரிய வேறுபாட்டைச் செய்கின்றன. இதை ஏற்க மறுப்பவர்கள் உண்டு. அவர்களிடமும் வலுவான காரணங்கள் உண்டு. அவற்றுக்கும் இந்த மேடையிலேயே பதில் சொல்லியாக வேண்டும்.

கூர்மை எதற்காக வேண்டும் என்பதை முதலில் பார்ப்போம். அதற்கான சான்று நம் ஊரிலேயே இருக்கிறது. செயிண்ட் லூயி தெருவில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955-இல் தொடங்கப்பட்டது. அங்கே பணியாற்றியவர்கள் பல பத்தாண்டுகள் தமிழ்நாட்டுக் கோயில்களுக்குப் போய்ச் சிலைகளையும் தூண்களையும் கோபுரங்களையும் படமெடுத்துச் சேர்த்தார்கள். இன்று அந்தக் காப்பகத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் இருக்கின்றன. எடுக்கும்போது அவை கலை வரலாற்று ஆய்வுக்கான படங்கள். பிறகு நடந்ததை எண்ணிப் பாருங்கள். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோன நடராசர், ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்துக்கு 2008-இல் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்டிருந்தார். நமக்குப் பக்கத்து ஊரான விருத்தாசலத்தின் அர்த்தநாரீசுவரர், சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். இவை எங்கள் கோயில் சிலைகள்தாம் என்று நிறுவ எதைக் காட்டினார்கள்? புதுச்சேரிக் காப்பகத்தின் பழைய படங்களைக் காட்டினார்கள். 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் தில்லிக்கு வந்து இரண்டு சிலைகளையும் ஒப்படைத்தார். ஒரே வகைச் சிலைகள் நூறு இருக்கலாம். ஆனால் விரல் நுனியில் ஓர் உடைப்பு, பீடத்தில் ஒரு தேய்மானம், திருவாசியில் ஒரு வளைவு என்று ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளம் உண்டு. அந்த நுணுக்கம் படத்தில் விழுந்திருந்தால் அது சாட்சி. மங்கிப் போயிருந்தால் அது வெறும் நினைவுப் படம். ஆகவே கூர்மை என்பது கடைக்காரர் காட்டும் விளம்பரச் சரக்கு என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். அது வேண்டும். அது எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி.

கேமரா செய்தவரே லென்ஸும் செய்ய வேண்டும், அதுதான் இயல்பு, மற்றது கலப்படம் என்று பலர் நினைக்கிறார்கள். வரலாறு அப்படிச் சொல்கிறதா? டாகேர் கண்டுபிடித்த ஒளிப்பட முறையை 1839 ஆகஸ்ட் 19 அன்று பாரிசில் உலகுக்கு அறிவித்தார்கள். அந்த ஆண்டு கடைக்கு வந்த முதல் கேமராவைச் செய்தவர் அல்போன்ஸ் ஜிரூ. அதன் லென்ஸைச் செய்தவர் சார்லஸ் செவாலியே. பெட்டி ஒருவருடையது, கண்ணாடி இன்னொருவருடையது. ஒளிப்படக் கலை பிறந்ததே பிற நிறுவன லென்ஸோடுதான்! 120 ஆண்டு தாண்டி வாருங்கள். 35 மி.மீ. ஸ்டில் கேமராவுக்கென்று விற்பனைக்கு வந்த முதல் ஜூம் லென்ஸ் 1959-இன் ஃபோக்ட்லண்டர் ஜூமார். 36 முதல் 82 மி.மீ., எஃப் 2.8. இன்றைய அன்றாட ஜூமின் பாட்டன் அது. அதை வடிவமைத்தவர் அமெரிக்காவில் இருந்த ஃபிராங்க் பேக், உற்பத்தி செய்தது மியூனிக் நகரின் கில்ஃபிட் நிறுவனம். ஃபோக்ட்லண்டர் தன் பெயரைப் பொறித்து விற்றது.

பிரான்சிலேயே இன்னொரு பெயர் இருக்கிறது, ஆஞ்செனியூ. கேமரா விற்றுப் பெயர் வாங்கிய கம்பெனி இல்லை அது, லென்ஸ் செய்தே பெயர் வாங்கியது. 1964-இல் ரேஞ்சர் 7 விண்கலம் நிலவை நெருங்கிப் படமெடுத்தபோது அதில் இருந்தது ஆஞ்செனியூவின் கண்ணாடி. அதே நிறுவனம் நிக்கான் போன்ற பிறர் கேமராக்களில் மாட்டுவதற்காக 28 முதல் 70 மி.மீ. வரையிலான எஃப் 2.6 ஜூம் ஒன்றைச் செய்தது. அந்த நாளில் அதை யாரும் மட்டமான சரக்கு என்று சொல்லவில்லை, விலை கேட்டு மலைத்தார்கள். அப்படியானால் "தேர்ட் பார்ட்டி" என்றவுடன் மட்டம் என்று மனத்தில் ஒட்டிக்கொண்டது எப்போது? பிலிம் காலத்தின் கடைசி இருபது ஆண்டுகளில் மலிவு விலைக்கென்றே செய்த ஜூம்கள் சந்தையில் குவிந்தன. அவற்றில் பல உண்மையிலேயே மங்கல்தான். அந்தக் கெட்ட பெயர் வீண்பழி என்று நான் வாதாட வரவில்லை. அன்று அது ஈட்டிய பெயர். ஆனால் அன்று ஈட்டிய பெயரை இன்றைய லென்ஸின் தலையில் கட்டுவது எந்த நியாயம்?

இன்றைய நிலையைப் பாருங்கள். டாம்ரான் 2018-இல் சோனி கேமராவுக்காக 28-75 மி.மீ. எஃப் 2.8 லென்ஸைக் கொண்டுவந்தது. உள்ளே 12 தொகுதிகளில் 15 கண்ணாடிகள். 2021 டிசம்பரில் நிக்கான் தன் இசட் வரிசைக்கு 28-75 மி.மீ. எஃப் 2.8 ஒன்றை அறிவித்தது. அதே 12 தொகுதிகள், அதே 15 கண்ணாடிகள். இரண்டின் குறுக்குவெட்டு வரைபடத்தையும் அருகருகே வைத்துப் பார்த்த எவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. சிக்மா 2019-இல் 24-70 மி.மீ. எஃப் 2.8 ஆர்ட் லென்ஸை வெளியிட்டது, 15 தொகுதிகளில் 19 கண்ணாடிகள். 2021-இல் லைக்கா தன் எஸ்.எல். கேமராவுக்கு 24-70 எஃப் 2.8 வெளியிட்டது, அதுவும் 15 தொகுதிகளில் 19. லைக்காவின் விலை சிக்மாவின் விலையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். உலோகக் கூடு வேறாக இருக்கலாம், மேல் பூச்சு வேறாக இருக்கலாம், சோதனை முறை வேறாக இருக்கலாம். ஆனால் ஒளி போகிற பாதை? பழைய லைக்கா ஆர் வரிசையின் 28-70 ஜூமையும் சிக்மாதான் செய்துகொடுத்தது என்பது சேகரிப்பாளர்கள் எல்லோரும் அறிந்த செய்தி. சோனி நெடுங்காலமாக டாம்ரானின் பங்குதாரர். இதையெல்லாம் வைத்துக்கொண்டு, பெயரைப் பார்த்தே கூர்மையைச் சொல்லிவிடுவேன் என்று ஒருவர் சொன்னால், அவர் எந்தப் பெயரைப் பார்க்கிறார்?

சரி, எல்லா இடத்திலும் சமம்தானா? இல்லை. சான்றை நேர்மையாகப் படித்தால் சமம் என்று சொல்ல முடியாத இடங்கள் இருக்கின்றன. 2012-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு கேனனின் இரண்டாம் தலைமுறை 24-70 எஃப் 2.8 வந்தது, அமெரிக்காவில் அறிமுக விலை 2,299 டாலர். அதே ஆண்டு டாம்ரானின் 24-70 எஃப் 2.8 வந்தது, 1,299 டாலர். அப்பெர்ச்சரை முழுக்கத் திறந்து எஃப் 2.8-இல் எடுத்தால், படத்தின் ஓரங்களில் கேனன் தெளிவாக முந்தியது. மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் டாம்ரானில் ஒன்று இருந்தது, கேனனில் அது இல்லை. அதிர்வு தாங்கும் அமைப்பு. ஃபுல் ஃபிரேம் 24-70 எஃப் 2.8 ஜூமில் அதை முதலில் கொண்டுவந்தது டாம்ரான். ட்ரைபாட் வைக்க அனுமதி இல்லாத ஒரு கோயில் பிராகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் விளக்கின் வெளிச்சம்தான் இருக்கிறது, ஷட்டர் வினாடியில் பதினைந்தில் ஒரு பங்குக்கு இறங்கிவிட்டது. அங்கே கையில் பிடித்து எடுக்கிற படத்தில் கூர்மையாக விழுவது எது? சோதனைக்கூடத்து மேசையில் ஜெயித்த லென்ஸா, கை நடுக்கத்தைத் தாங்கிய லென்ஸா? சிலை அசையாது, எடுப்பவர் கைதான் அசையும். அந்த இடத்தில் ஆயிரம் டாலர் மலிவான லென்ஸ் தெளிவான படத்தைக் கொடுக்கிறது. ஆடுகிற குழந்தையை எடுக்கும்போது அதே அமைப்பு உதவாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அடுத்த தலைமுறைக்கு வருவோம். சோனியின் முதல் ஜி மாஸ்டர் 24-70 எஃப் 2.8 வந்தது 2016-இல், 2,199 டாலர். மூன்று ஆண்டு கழித்து வந்த சிக்மாவின் விலை 1,099 டாலர், சரியாகப் பாதி. கூர்மையில் அது ஜி மாஸ்டருக்குத் தோள்கொடுத்து நின்றது என்பதுதான் சோதித்தவர்களில் பெரும்பாலோர் கண்டது. பிறகு 2022-இல் சோனி இரண்டாம் ஜி மாஸ்டரைக் கொண்டுவந்தது. எடை 886 கிராமிலிருந்து 695 கிராமாகக் குறைந்தது, திறந்த அப்பெர்ச்சரில் ஓரங்கள்வரை கூர்மை ஏறியது. நல்ல லென்ஸ், ஐயமில்லை. 2024-இல் சிக்மாவும் இரண்டாம் பதிப்போடு வந்தது. கவனியுங்கள், ஒரு பெயர் நிரந்தரமாக முன்னால் நிற்கவில்லை. ஒருவர் முந்துகிறார், மற்றவர் எட்டிப் பிடிக்கிறார். சிறிய சென்சார் கேமராக்களில் இன்னும் வியப்பான கதை ஒன்று உண்டு. சிக்மா 2013-இல் 18-35 மி.மீ. எஃப் 1.8 ஜூமைச் செய்தது. ஜூம் முழுவதும் எஃப் 1.8 தருகிற லென்ஸ் அதற்கு முன் எந்த டிஎஸ்எல்ஆர் கேமராவுக்கும் கிடையாது. கூர்மையில் அதை ஒற்றைக் குவியத் தூர லென்ஸ்களோடு ஒப்பிட்டார்கள். அந்த வகையில் எந்தக் கேமரா கம்பெனியின் சொந்த ஜூமும் அதற்கு எதிரே நிறுத்த இல்லை.

இந்த ஒப்பீடுகள் எல்லாம் எஃப் 2.8-இல் நடப்பவை. அப்பெர்ச்சரை எஃப் 5.6-க்குக் கொண்டுபோங்கள், மேலே நான் சொன்ன வேறுபாடுகளில் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது. ஏன்? லென்ஸின் ஓரத்து வழியாக வரும் ஒளிதான் ஒழுங்காகக் குவியாமல் சிதறுகிறது. அப்பெர்ச்சர் சுருங்கும்போது அந்த ஒளி வெட்டுப்படுகிறது. மேடையில் மணமக்களைச் சுற்றி இருபது பேர் நிற்கிற குடும்பப் படத்தை யாராவது எஃப் 2.8-இல் எடுப்பார்களா? எடுக்கக் கூடாது. 70 மி.மீ.இல், எஃப் 2.8-இல், இரண்டு மீட்டர் தூரத்தில் நிற்பவர் மீது ஃபோகஸ் வைத்தால் தெளிவாக விழும் ஆழம் மொத்தமே ஏறத்தாழ 14 செ.மீ. மணமகள் கண்ணில் ஃபோகஸ் வைத்தால், ஓர் அடி பின்னால் நிற்கும் தோழியின் முகம் மங்கும். அது எந்தக் கம்பெனி லென்ஸானாலும் மங்கும். மங்கியதைப் பார்த்துவிட்டு "லென்ஸ் சாஃப்ட்" என்று பழி போடுகிறோம். சிலர் எதிர்ப்பக்கம் போய், தெளிவு வேண்டும் என்று எஃப் 16-க்குச் சுருக்குகிறார்கள். அங்கே இயற்பியல் குறுக்கே நிற்கிறது. சின்னத் துளை வழியே போகிற ஒளி விரிந்து பரவும். எஃப் 16-இல் ஒரு புள்ளி சென்சாரில் ஏறத்தாழ 21 மைக்ரான் அகல வட்டமாக விழுகிறது. 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் சென்சாரின் ஒரு பிக்சல் 6 மைக்ரான்தான். இரண்டு லட்ச ரூபாய் லென்ஸும் இருபதாயிரம் ரூபாய் லென்ஸும் அந்த வட்டத்துக்குள் சமமாகிவிடுகின்றன.

"கல்யாண மண்டபத்தில் எஃப் 5.6-க்கு வெளிச்சம் எங்கே இருக்கிறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எஃப் 2.8-இலிருந்து எஃப் 5.6 போனால் ஒளி நான்கில் ஒரு பங்காகிறது, ஐஎஸ்ஓ 1600 இருந்த இடத்தில் 6400 வைக்க வேண்டும், அதனால் படத்தில் விழும் குருணையைத் துடைக்கப்போய் முகத்தின் நுணுக்கமும் துடைபட்டுவிடும். முகூர்த்த நேரத்தில் தாலி கட்டுகிற அந்த ஓரிரு வினாடிக்கு எஃப் 2.8-தான் வழி. அங்கே திறந்த அப்பெர்ச்சரில் முந்துகிற லென்ஸுக்கு மதிப்பு உண்டு. ஆனால் அந்தப் படத்தில் நமக்குக் கூர்மை வேண்டியது எங்கே? நடுவில், கைகளிலும் முகங்களிலும். ஓரத்தில் இருப்பது பந்தல் துணியும் பூமாலையும் வீடியோக்காரரின் தோளும். படத்தின் நடுப்பகுதியில் இன்றைய நல்ல ஜூம்கள் எல்லாமே எஃப் 2.8-இலேயே கூர்மை. ஓரத்துக் கூர்மைக்கு இரண்டு மடங்கு விலை கொடுப்பவர், ஓரத்தில் எதை எடுக்கப் போகிறார் என்று தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனி, பெயரைவிடப் பெரிதான ஒன்றுக்கு வருகிறேன். ஒரே பெயர், ஒரே மாடல், ஒரே விலை, இரண்டு பெட்டி. இரண்டும் ஒன்றா? ஒன்றில்லை. 19 கண்ணாடிகளை 15 தொகுதிகளாகக் கோத்து, அவற்றில் சில முன்னும் பின்னும் நகரும்படி வைத்து, எல்லாவற்றின் மையமும் ஒரே கோட்டில் நிற்கச் செய்ய வேண்டும். ஒரு கண்ணாடி மயிரிழை சாய்ந்தாலும் படத்தின் இடப்பக்கம் கூர்மையாகவும் வலப்பக்கம் மங்கலாகவும் விழும். அமெரிக்காவில் லென்ஸ்களை வாடகைக்கு விடும் லென்ஸ்ரென்டல்ஸ் நிறுவனத்தை நிறுவிய ரோஜர் சிக்காலா, ஒரே மாடலின் பல பிரதிகளை ஒளியியல் கருவியில் வைத்து அளந்து, முடிவுகளை ஆண்டுக்கணக்கில் வெளியிட்டார். பிரதிக்குப் பிரதி வேறுபாடு எல்லாக் கம்பெனியிலும் இருக்கிறது, ஒற்றைக் குவியத் தூர லென்ஸைவிட ஜூமில் அது அதிகம், 24 மி.மீ.இல் சிறந்து நிற்கிற பிரதி 70 மி.மீ.இல் சிறந்ததாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. இதுதான் அவர் காட்டியது. அப்படியானால் ஒரு கேனனையும் ஒரு சிக்மாவையும் எடுத்து ஒப்பிட்ட ஒருவர், உண்மையில் எதை ஒப்பிட்டார்? இரண்டு கம்பெனிகளையா, இரண்டு பெட்டிகளையா? லென்ஸின் கூர்மையைக் காட்டக் கம்பெனிகள் வெளியிடும் எம்.டி.எஃப். வரைபடங்களும் இதற்கு உதவாது. அவற்றில் பெரும்பாலானவை கணினியில் கணக்கிட்டவை, பிழையே இல்லாத ஒரு லென்ஸைக் கற்பனை செய்து வரைந்தவை. கணக்கிடும் முறையும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. சிக்மா தன் ஆர்ட் வரிசையைத் தொடங்கிய காலத்திலிருந்து, ஃபுகுஷிமா மாகாணத்தில் உள்ள தன் ஐஸு தொழிற்சாலையில் ஒவ்வொரு லென்ஸையும் அளந்துதான் வெளியே அனுப்புவதாகச் சொல்கிறது. மட்டம் என்று பெயர் வாங்கியவர்கள் அந்தப் பெயரைத் துடைக்க எடுத்த முயற்சி அது.

ஃபோகஸுக்கு வருவோம். பிற நிறுவன லென்ஸ் மங்கல் என்ற புகாரில் பாதி, கண்ணாடியின் குற்றமே இல்லை. டிஎஸ்எல்ஆர் கேமராவில் ஃபோகஸை அளக்கிற உணரி தனியாக அடியில் இருந்தது, படம் விழுகிற சென்சார் வேறிடத்தில் இருந்தது. இரண்டுக்கும் இடையே கொஞ்சம் பிசகினாலும் ஃபோகஸ் மூக்கிலோ காதிலோ விழும், கண்ணில் விழாது. அதுவும் கேமராவின் மொழியைச் சிக்மாவும் டாம்ரானும் தாங்களாகவே ஆராய்ந்து கண்டுகொண்டு செய்த லென்ஸ்கள் அவை. பிசகு வந்தது. அதைச் சரிசெய்யச் சிக்மா யுஎஸ்பி டாக் என்று ஒன்றையும், டாம்ரான் டேப் இன் கன்சோல் என்று ஒன்றையும் விற்றன. இன்றைய மிரர்லெஸ் கேமராவில் படம் விழுகிற சென்சாரே ஃபோகஸையும் அளக்கிறது. அந்தப் பழைய பிசகுக்கு வேரே போய்விட்டது. ஆனால் பழைய புகார் மட்டும் ஸ்டுடியோவுக்கு ஸ்டுடியோ இன்னும் உலவிக்கொண்டிருக்கிறது!

அச்சு அளவையும் ஒரு கணக்காகப் பார்த்துவிடுவோம். 4க்கு 6 அங்குலப் படம், அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் 22 லட்சம் பிக்சலுக்கும் குறைவு. இன்ஸ்டாகிராமில் போடும் 1080க்கு 1350 படம் 15 லட்சம்கூட இல்லை. இந்த அளவில் எந்த லென்ஸையும் எந்த லென்ஸிலிருந்தும் பிரித்தறிய முடியாது. நம் ஊர்க் கல்யாண ஆல்பத்தில் 12க்கு 36 அங்குலம் விரிகிற கரிஷ்மா ஆல்பம் உண்டு, அதன் ஒரு பக்கம் 12க்கு 18. ஒரே படத்தை அந்தப் பக்கம் முழுக்கப் போட்டால் 1 கோடியே 94 லட்சம் பிக்சல் தேவை. இங்கேதான் லென்ஸ் தன்னைக் காட்டும். அப்படி எத்தனை படம் போகிறது ஓர் ஆல்பத்தில்? விரல்விட்டு எண்ணலாம்.

இனி மறுப்புகளில் வலுவானவற்றை எடுத்துக்கொள்கிறேன். முதல் மறுப்பு, வேகம். சோனி ஆல்ஃபா 1 கேமரா வினாடிக்கு 30 படம் எடுக்கும், ஆனால் சோனி லென்ஸ் இருந்தால்தான். பிற நிறுவன லென்ஸ் என்றால் 15-தான். உண்மை. ஹெலிபேட் மைதானத்தில் நடக்கிற விளையாட்டுப் போட்டியைத் தொழிலாக எடுப்பவருக்கு இது பெரிய இழப்பாக இருக்கலாம். ஆனால் அது கூர்மையின் குறை இல்லை, கம்பெனி போட்ட வேலி. இரண்டாம் மறுப்பு, பொருத்தம். நாளைக்குக் கேமராவின் மென்பொருள் மாறினால் லென்ஸ் வேலை செய்யுமா? பழைய நாளில் செய்யாமல் போனதுண்டு. இன்று நிலைமை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. சோனி 2011-லேயே லென்ஸ் மாட்டுகிற தன் இ மவுண்ட்டின் அடிப்படை விவரங்களைப் பிறருக்குத் திறந்துவிட்டது. நிக்கான் டாம்ரானுக்கு உரிமம் கொடுத்திருக்கிறது. கேனன் 2018-இல் ஆர்.எஃப். மவுண்ட்டைக் கொண்டுவந்து, ஆறு ஆண்டு கதவைச் சாத்தியே வைத்திருந்தது, 2024-இல்தான் சிக்மாவுக்கும் டாம்ரானுக்கும் சிறிய சென்சார் லென்ஸ்களுக்கு உரிமம் தந்தது. ஆகவே கேனன் ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் வைத்திருப்பவருக்கு, இந்த விவாதத்தில் தேர்வு செய்யும் இடமே குறுகியது. அது வருத்தத்துக்குரியது. பிறர் லென்ஸ் மட்டமாக இருந்தால் கதவைச் சாத்த வேண்டிய தேவை என்ன?

மூன்றாம் மறுப்பைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன், உழைப்புத் தாங்கும் தன்மை. "வாரம் மூன்று கல்யாணம் எடுக்கிறேன், மழையிலும் கடற்கரையிலும் நிற்கிறேன், கம்பெனி லென்ஸ்தான் தாங்கும்" என்கிறார்கள். மழைக்கும் தூசிக்குமான ரப்பர் அடைப்பில் விலையுயர்ந்த சொந்த லென்ஸ்கள் பொதுவாக நன்றாகவே இருக்கின்றன. மறுவிற்பனையிலும் அவற்றுக்குக் கூடுதல் விலை கிடைக்கிறது. ஆனால் நம் ஊரில் லென்ஸின் கூர்மையைத் தின்கிற எதிரி வேறு. கடற்கரைச் சாலையில் அரை மணி நின்றால் முன் கண்ணாடியில் உப்புப் படலம் படிகிறது, அதோடு எடுத்தால் விளக்கொளி பரந்து படமே வெளிறுகிறது. ஏசி அறையிலிருந்து வெளியே வந்தால் கண்ணாடி வியர்க்கிறது. ஐப்பசி கார்த்திகை மழையில் தோல் பையில் மூடி வைத்த லென்ஸுக்குள் பூஞ்சை படர்கிறது, மெல்லிய வலைபோல. அந்தப் பூஞ்சை சுரக்கிற அமிலம் கண்ணாடியின் மேல் பூச்சை அரிக்கிறது, அரித்த தடம் துடைத்தாலும் போகாது. இரண்டு லட்ச ரூபாய் லென்ஸில் பூஞ்சை பிடித்துவிட்டால் அதன் எம்.டி.எஃப். வரைபடத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? காற்றுப் புகாத டப்பாவும், நிறம் மாறினால் வறுத்தெடுத்து மறுபடி போடுகிற சிலிக்கா ஜெல்லும், உள்ளே ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்தில் நிற்கிறதா என்று காட்டும் ஒரு சின்ன மீட்டரும் சில நூறு ரூபாய்தான். வசதி இருந்தால் டிரை கேபினட் வாங்குங்கள். லென்ஸ் விலையில் மிச்சமான பணத்தில் அதற்கும் ஒரு நல்ல ட்ரைபாடுக்கும் ஒரு ஃபிளாஷுக்கும் இடம் இருக்கிறது. உங்கள் படங்களில் கூர்மை ஏறப்போவது இந்த மூன்றால்.

கடைசியாக, வாங்குகிற நாளில் என்ன செய்வது? பெட்டியைப் பிரித்த அன்றே சோதித்துவிடுங்கள், கல்யாணத்தில் போய்ச் சோதிக்க வேண்டாம். காலை வெயிலில், திறந்த மைதானத்தின் ஒரு கோடியில் ட்ரைபாடை நிறுத்துங்கள். எதிர்க்கோடியில் தெரிகிற ஒரு கட்டடத்தின் ஜன்னல் கம்பியை நடுவில் வைத்து ஃபோகஸ் செய்து, ஃபோகஸைப் பூட்டிவிடுங்கள். எஃப் 2.8-இல் அதே ஜன்னலை நான்கு மூலைகளுக்கும் மாற்றி மாற்றிக் கொண்டுபோய் நான்கு படம் எடுங்கள். எஃப் 5.6-இல் இன்னொரு நான்கு. ஜூமின் இரண்டு கோடியிலும் நடுவிலும் இதையே செய்யுங்கள். கணினியில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். நான்கு மூலையும் ஒரே அளவில் கொஞ்சம் மென்மையாக இருந்து, எஃப் 5.6-இல் நான்கும் தெளிந்தால், அந்த லென்ஸை வைத்துக்கொள்ளுங்கள், பெயர் எதுவானாலும். ஒரு மூலை மட்டும் மங்கி, எதிர்மூலை கூர்மையாக இருந்து, எஃப் 5.6-இலும் அந்தக் கோணல் போகவில்லையென்றால், அது மையம் பிசகிய பிரதி. திருப்பிக் கொடுங்கள், எவ்வளவு பெரிய கம்பெனியானாலும். ஆகவே கடையில் பில் போடுவதற்கு முன்பே இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள். மாற்றித் தர எத்தனை நாள் அவகாசம்? இந்தியாவில் செல்லுபடியாகும் வாரண்டி அட்டை பெட்டிக்குள் இருக்கிறதா? இரண்டுக்கும் கடைக்காரர் நேராகப் பதில் சொன்னால் பணத்தை எடுங்கள். மழுப்பினால் அடுத்த கடைக்குப் போங்கள்.